கரா-ஜில்காவுக்குக் காவல்

பூங்காக் காவலர்களின் குடிலுக்குத் தீ வைத்தவன் கெங்கேஷ்தான். ஊருக்கே தெரியும், போலீசுக்கும் தெரியும். காவலர்களின் சொல் மட்டும் வழக்குக்குப் போதவில்லை, ஊரில் சாட்சி சொல்ல யாரும் வாய் திறக்காததால் தப்பித்தான். தீ வைத்ததோடு நின்றானா என்றால் அதுவும் இல்லை. புகை தாங்காமல் வெளியே ஓடிவந்த காவலர் அசன்குலை வாசலிலேயே மடக்கி, மண்வெட்டிக் காம்பால் அடித்து இடது கையை ஒடித்தான். எலும்பு முறிந்த சத்தம் ஓடைக்கு அக்கரை வரை கேட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. கரா-ஜில்கா பள்ளத்தாக்கில் எங்கள் கோக்-சாய் ஊர்க்காரர்கள்தான் காலங்காலமாக ஆடு மேய்த்து வந்தோம். தலைநகர் பிஷ்கெக்கில் யாரோ வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார்கள். அன்றிலிருந்து அது தேசியப் பூங்கா. ஆடுகளுக்குக் கோடு தெரியுமா? ஒரு வசந்தத்தில் கெங்கேஷின் மந்தை கோட்டைத் தாண்டியது. அசன்குலும் அவன் கூட்டாளிகளும் குதிரை மேல் உட்கார்ந்தபடியே மந்தையைச் சுட்டார்கள். எல்லாம் ஈனப் போகிற ஆடுகள். கெங்கேஷ் போய்ப் பார்த்தபோது சில ஆடுகளின் வயிற்றுக்குள் குட்டிகள் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. கத்தியால் வயிற்றைக் கிழித்து எடுத்தான். ஒன்றும் பிழைக்கவில்லை. கைகளில் அந்த ரத்தம் காயாமலேதான் மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு குடிலுக்குப் போனான்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி ரத்தம். காவலர்கள் ஒரு மேய்ப்பனைக் கட்டிவைத்து அடித்ததில் அவனுக்கு ஒரு காது செவிடாகிவிட்டது. ஊர்ப் பையன்கள் ஒரு காவலரின் குதிரைக்குப் பின்னங்கால் நரம்பை அறுத்துவிட்டார்கள். பூங்கா மேல் இருந்த கோபத்தில், அதுவரை வேட்டைக்கே போகாதவர்கள்கூடக் காட்டுச்செம்மறிகளைச் சுட்டார்கள். தின்பதற்காக இல்லை. சுட்டுவிட்டு அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். கழுகுகள் பறக்க முடியாத அளவுக்குத் தின்று கொழுத்தன.

அப்புறம் பூங்காவுக்குப் புதிதாக ஒரு டைரக்டர் வந்தார். பள்ளிக்கூடத் தரையில் வரைபடத்தை விரித்துப் போட்டு, தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க இல்லாம இந்தப் பூங்கா நடக்காது. எந்தப் பக்கம் எப்ப மேயலாம், எத எப்ப மூடணும்னு நீங்களே ஒரு குழு போட்டு முடிவு பண்ணுங்க. எங்க காவலர் ஒருத்தர், உங்க ஊர்க் காவலர் ஒருத்தர், ரெண்டு பேரும் சேர்ந்து போகட்டும். தப்பு பண்ணவன் பிடிபட்டா மொதல்ல உங்க குழு விசாரிக்கட்டும். அதுக்கப்புறம்தான் சட்டம்."

நல்ல பேச்சு. யார் நம்பினார்கள்? ஆனாலும் ஊர்க் காவலராக யாரைப் போடுவது என்று கேட்டபோது, பின்னாலிருந்து எவனோ கேலியாகக் கத்தினான்: "கெங்கேஷப் போடுங்க! குளிர் காலத்துல குடிலச் சூடா வச்சிருப்பான்!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "திருடன் கையில சாவியக் குடுக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். "அவன் கையில இருந்தாத்தான் வேற திருடன் வரமாட்டான்" என்றார் இன்னொருவர். கேலியாக ஆரம்பித்தது, கை தூக்கி எண்ணியபோது நிஜமாகிவிட்டது. கெங்கேஷ் எழுந்து நின்று, "எனக்குத் துப்பாக்கி குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டான். ஊர்க் காவலருக்குத் துப்பாக்கி கிடையாது, தொலைநோக்கிதான் என்றார் டைரக்டர். பூங்கா தரப்பில் அவனோடு போக வேண்டியவன் யார் தெரியுமா? அசன்குல்.

முதல் நாள் இருவரும் ஊரைத் தாண்டினார்கள். ஆற்றைக் கடக்கிற துறையில், அசன்குல் தன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "ஒன் ஆடுங்க நல்லாக் கொழுத்திருந்துச்சுடா" என்றான்.

கெங்கேஷ் அவனைச் சேணத்திலிருந்து இழுத்து ஆற்றுக்குள் போட்டான். பனி உருகி வருகிற தண்ணீர். இருவரும் கல்லிலும் நீரிலும் புரண்டார்கள். கெங்கேஷின் மூக்குத்தண்டு நொறுங்கியது. கோணலாகக் கூடியிருந்த அசன்குலின் இடது கையை அவன் தேடித் தேடி முறுக்கினான். அசன்குல் அவன் கன்னத்தைக் கடித்துச் சதையைத் துப்பினான். கடைசியில் இருவருக்கும் கை தூக்கத் தெம்பில்லாமல், கரையில் அடுத்தடுத்து உட்கார்ந்து ரத்தம் துப்பினார்கள்.

"இன்னும் இருக்கா?" என்றான் அசன்குல்.

"இருக்கு. குளிருது, அதான் விட்டேன்."

"எனக்கும் அதேதான்."

இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்ன கதை இது. இருவரும் தான்தான் ஜெயித்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மிருகங்களைப் பற்றி மட்டும் பேசினார்கள். பனிச்சிறுத்தை எந்தப் பாறையில் மூத்திரம் பெய்திருக்கிறது, செம்மறிக் கூட்டம் எந்தக் கணவாயில் இறங்கியிருக்கிறது, இவ்வளவுதான். ஆனால் ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் விழித்திருந்தான்.

ஊரில் வேட்டை ஏறக்குறைய நின்றது. ஒருவன் மட்டும் நிறுத்தவில்லை. அவன் பெக்தூர், கெங்கேஷின் அக்கா அனார்கானின் கணவன்.

தாய் செத்தபோது கெங்கேஷ் நடக்கப் பழகாத பிள்ளை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அனார்கான். கல்யாணமாகிப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். பெக்தூர் முகம் சுளிக்காமல் சோறு போட்டான். நல்ல குதிரைக்காரன், வாய் நிறையச் சிரிக்கிறவன். பட்டணத்திலிருந்து கொம்புக்காக வேட்டைக்கு வருகிற பணக்காரர்களை மலைக்குக் கூட்டிப் போவதுதான் அவன் பிழைப்பு. அந்த வரும்படியில் குளிர்காலத்தில் பல வீடுகளுக்கு மாவும் நிலக்கரியும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதனால் அவனைப் பற்றி ஊர்க்குழுவில் யாரும் பேச்செடுப்பதில்லை.

இலையுதிர் காலம் முடிகிற சமயம் கெங்கேஷ் அக்கா வீட்டுக்குப் போனான். அனார்கான் எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், இந்த வருஷம் ஆளுங்களக் கூட்டிட்டு வராதீங்க. கூட்டம் கூடிப் பேசி பள்ளத்தாக்க மூடியாச்சு. நீங்களும்தான் கை தூக்குனீங்க."

"எல்லாரும் தூக்குனாங்க, நானும் தூக்குனேன். கை வலிச்சுது, இறக்கிட்டேன்." பெக்தூர் சிரித்தான். "மாப்ளே, அவங்க குடுத்த தொலைநோக்கிய மாட்டிக்கிட்டு எங்கிட்டயே வர்றியா? பெரிய மனுசங்க வந்தா டைரக்டரே கதவத் தொறந்து விடுவாரு. ஒனக்கு ஏன் வம்பு? அந்தப் பக்கம் போ, நீ பாக்கல, நான் வரல."

"பாத்தா?"

"பாத்தா என்னடா செய்வ?"

அனார்கான் எண்ணெய்க் கரண்டியோடு திரும்பினாள். "ரெண்டு பேரும் வாய மூடிட்டுத் தின்னுங்க" என்றாள். தின்றார்கள்.

முதல் பனி விழுந்து வெயில் அடித்த ஒரு நண்பகலில் கரா-ஜில்காவில் வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, சரமாரி. கெங்கேஷும் அசன்குலும் குதிரைகளை விரட்டிக்கொண்டு மேலேறினார்கள். பள்ளத்தில் மூன்று பெட்டைச் செம்மறிகள் செத்துக் கிடந்தன. நான்காவதாக ஒரு பெரிய கிடா. அதற்கு இன்னும் உயிர் இருந்தது, கால்கள் பனியைக் கிளறிக்கொண்டிருந்தன. பெக்தூர் அதன் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தித் தலையை அறுத்துக்கொண்டிருந்தான். அருகே பட்டணத்து ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் பச்சைக் கோட்டு போட்டு, துப்பாக்கியைத் தோளில் சாய்த்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மற்றவன் குடித்துக்கொண்டிருந்தான்.

"இது பூங்காக் காவல். துப்பாக்கியக் கீழ வைங்க!" அசன்குல் கத்தினான்.

பச்சைக் கோட்டுக்காரன் யோசிக்கவே இல்லை. திரும்பிச் சுட்டான். அசன்குலின் குதிரை நெஞ்சில் அடிபட்டு மண்டியிட்டு, அவன் காலை நசுக்கியபடி சாய்ந்தது. அடுத்த குண்டு அவன் தொடையைத் துளைத்தது. அவனுடைய துப்பாக்கி எட்டாத தூரத்தில் போய் விழுந்தது. அவன் போட்ட ஓலம் பாறைகளில் மோதித் திரும்பியது.

கெங்கேஷிடம் சாட்டையைத் தவிர ஒன்றுமில்லை. குதிரையை விட்டுக் குதித்துப் பாறைகளுக்குப் பின்னால் தவழ்ந்து மேலே போனான். அவர்கள் தலைக்கு நேர் மேலே வந்ததும் கற்களைக் காலால் தள்ளினான். ஒரு கல் குடித்துக்கொண்டிருந்தவனின் தோளில் இறங்கியது. அவன் கை துணிபோல் தொங்கியது. பச்சைக் கோட்டுக்காரன் அண்ணாந்து சுடுவதற்குள் கெங்கேஷ் அவன் மேல் குதித்து, சாட்டைவாரை அவன் கழுத்தில் சுற்றி முறுக்கினான். அவனுக்குக் கண் பிதுங்கியது, நாக்கு வெளியே வந்தது.

"விடுடா மாப்ளே! கொன்னுறாத!" பெக்தூர் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். விடவில்லை என்றதும் கையிலிருந்த கத்தியால் அவன் தோளைக் கிழித்தான். "நாயே! ஒன் ஒடம்புல ஓடுறது என் வீட்டுச் சோறுடா!"

அந்தச் சொல்தான். கெங்கேஷ் பிற்பாடு சொன்னான், கத்திக்குக்கூட வலி தெரியவில்லை, அந்தச் சொல்தான் மண்டைக்குள் போனது என்று. மயங்கித் துவண்டுவிட்ட பச்சைக் கோட்டுக்காரனை உதறிவிட்டுத் திரும்பி, கைக்குக் கிடைத்த கல்லால் மச்சானின் முகத்தில் அடித்தான். பெக்தூர் விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தான். தாடை உடைந்து ஒரு பக்கமாகப் போயிற்று. ஒரு கண் குழியாயிற்று. பற்கள் பனியில் கிடந்தன. செத்த குதிரைக்கு அடியிலிருந்து காலை உருவிக்கொண்டு, ரத்தம் இழுபட ஊர்ந்து வந்த அசன்குல்தான் அவன் கணுக்காலைப் பிடித்தான்.

"போதும்டா! ஒன் அக்கா புருஷன்டா அவன்!"

கல் கையிலிருந்து விழுந்தது.

பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் குதிரைகளில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் ஊர்க்குழு கூடியது. பெக்தூரின் தலையைத் துணியால் சுற்றிப் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். பச்சைக் கோட்டுக்காரன் கழுத்தில் சாட்டைத் தழும்போடு குழந்தைகளின் பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தான். "ஒரு போன் பண்ணிட்டேன். நீங்க பேசுங்க, பேசுங்க" என்றான்.

அனார்கான் உள்ளே வந்தாள். புருஷனைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த யாருடையதோ சாட்டையை எடுத்து, தம்பியின் முகத்தில் அடித்தாள். அவன் கையைத் தூக்கவில்லை. மறுபடி அடித்தாள். புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. குழுத் தலைவர் எழுந்தார். "உக்காருங்க" என்றாள், உட்கார்ந்துவிட்டார். கை ஓய்கிறவரை அடித்தாள்.

"இடுப்புல தூக்குனேனேடா ஒன்ன" என்றாள்.

மதியம் டைரக்டர் ஜீப்பில் வந்தார். கூட டிரைவரும் இரண்டு போலீஸ்காரர்களும். கெங்கேஷின் கையைக் குலுக்கினார். அப்புறம் சொன்னார்: "நல்ல வேலை செஞ்சீங்க. இந்த ரெண்டு பேரையும் நான் பிஷ்கெக்குக்குக் கூட்டிட்டுப் போறேன். பெக்தூர மாவட்ட ஸ்டேஷன் வண்டி வந்து எடுத்துட்டுப் போகும்."

"எல்லாரும் சேந்து செஞ்ச குத்தம். ரெண்டு வண்டி எதுக்கு?" என்று கேட்டான் கெங்கேஷ்.

"அது நிர்வாக விஷயம்."

"மொதல்ல குழு விசாரிக்கும்னு சொன்னீங்க."

"விசாரிச்சாச்சு இல்ல? ஆலோசனை சொல்றதுதான் உங்க வேலை. சொல்லியாச்சு."

பச்சைக் கோட்டுக்காரன் சிகரெட்டைத் தரையில் தேய்த்துவிட்டுப் போய் ஜீப்பின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டான். கைதி உட்காருகிற இடமா அது? போலீஸ்காரன் அவனுக்குக் கதவைச் சாத்திவிட்டான். அதை அனார்கான் வாசலில் நின்று பார்த்தாள்.

நான் இந்த ஊர் டிராக்டர்காரன், பெயர் மிர்சா. அன்றைக்கு வைக்கோல் ஏற்றிய வண்டியோடு பாலத்துக்கு அருகே நின்றிருந்தேன். அனார்கான் முக்காடு நழுவ ஓடிவந்தாள்.

"மிர்சா, வண்டியப் பாலத்துக்குக் குறுக்கப் போடு."

"அக்கா, போலீஸ் வருது."

"அதுக்குத்தான் சொல்றேன். போடுடா!"

போட்டேன். ஊரை விட்டு வெளியே போக அந்த ஒரு பாலம்தான். ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. அனார்கான் ஆற்றங்கரையில் ஒரு கல்லை எடுத்தாள், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல். ஜீப்புக்கு முன்னால் வந்து, கண்ணாடியில் எறிந்தாள். கண்ணாடி உடைந்து, பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்த டைரக்டரின் நெற்றியைக் கிழித்தது. ஒரு போலீஸ்காரன் இறங்கி வானத்தைப் பார்த்துச் சுட்டான்.

அந்தச் சத்தம் ஊரையே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. குதிரையில், கால்நடையாக, அடுப்படியிலிருந்து அப்படியே கரண்டியோடு வந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தவனை நாலைந்து பேர் கீழே தள்ளி மிதித்தார்கள். டிரைவரின் தலையை ஜீப் கதவில் வைத்து இடித்தார்கள். பச்சைக் கோட்டுக்காரனைத் ஜன்னலை உடைத்து, தலைமுடியைப் பிடித்து அதன் வழியாகவே உருவினார்கள். உடைந்த கண்ணாடி அவன் வயிற்றை நீளமாகக் கீறியது. பெண்கள் சாட்டையாலும் கரண்டியாலும் அடித்தார்கள். காது செவிடான அந்த மேய்ப்பன் அவன் வாயில் பூட்ஸ் காலால் உதைத்தான். பனி சேறாகி, சேறு சிவப்பாகியது. நானும் அடித்தேன். அடித்தது யாரை என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

இன்னொரு போலீஸ்காரன் கைத்துப்பாக்கியை அனார்கானின் நெஞ்சுக்கு நேராக நீட்டினான். எல்லோரும் நின்றுவிட்டோம்.

"கீழ போடு."

அசன்குல். மருத்துவச்சி வீட்டிலிருந்து கழுதை வண்டியில் வந்து சேர்ந்திருந்தான். தொடைக் கட்டு முழுக்க ரத்தம். முகம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. அரசாங்கம் கொடுத்த துப்பாக்கியைப் போலீஸ்காரனின் தலைக்குக் குறி வைத்திருந்தான்.

"அசன்குல், நீ நம்ம ஆளு!" டைரக்டர் நெற்றியைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"ஆமா சார். என்னச் சுட்டவன முன் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறீங்க. நான் யாரு ஆளுன்னு இப்பத்தான் எனக்கே சந்தேகம் வருது. டேய், கீழ போடுறியா, சுடட்டுமா?"

போலீஸ்காரன் போட்டான்.

டைரக்டரின் விரலிடுக்கில் ரத்தம் சொட்டியது. கடைசியில் அனார்கானைப் பார்த்து, "என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்றார்.

"என் புருஷன் தப்பு பண்ணான். ஜெயிலுக்குப் போகட்டும். அவன் எங்க போறானோ இவனும் அங்கதான் போகணும். ஒரே வண்டி. ஒரே விலங்கு."

அப்படியே நடந்தது. பச்சைக் கோட்டுக்காரனின் ஒரு கையையும் பெக்தூரின் ஒரு கையையும் சேர்த்து விலங்கு மாட்டி, தோள் உடைந்தவனையும் கூடவே ஏற்றி, என் வைக்கோல் வண்டியிலேயே மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊர் ஆண்கள் குதிரைகளில் இரண்டு பக்கமும் வந்தார்கள். பெக்தூருக்குப் பேச முடியவில்லை. வழியெல்லாம் அனார்கான் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். எதிரில் வாய் கிழிந்து உட்கார்ந்திருந்தவனை அவள் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

முழு நியாயம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். பெக்தூருக்கு இரண்டு வருடம். பச்சைக் கோட்டுக்காரனுக்கும் தண்டனை கிடைத்தது, ஆனால் பாதியிலேயே வெளியே வந்துவிட்டான். நாங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். போலீஸ் திரும்பி வந்து, கையில் சிக்கினவர்களை அள்ளிக்கொண்டு போனது. லாக்கப்பில் என் விலா எலும்புகளை எண்ணி எண்ணி உதைத்தார்கள். இப்போதும் மழைக்கு முன்னால் எனக்கு மூச்சு பிடிக்கும். டைரக்டருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர், ஊர்க்குழு இனிமேல் ஆலோசனைக்கு மட்டும்தான் என்றார். சரி என்று நாங்கள் ஆலோசனையையும் நிறுத்திக்கொண்டோம். கெங்கேஷ் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்தான். நொண்டிக்கொண்டிருந்த அசன்குல், "துணை இல்லாம நான் மலை ஏற மாட்டேன்" என்று குடிலுக்குள் படுத்துக்கொண்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க கரா-ஜில்காவுக்குக் காவலே இல்லை. வெளியூர் ஆட்கள் புகுந்தார்கள். பனிச்சிறுத்தை ஒன்று கண்ணியில் மாட்டி, தன் காலைத் தானே கடித்துக் குதறிச் செத்துக் கிடந்தது. புதிய டைரக்டர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மேய்ச்சலும் மூடலும் விசாரணையும் குழுவின் முடிவுதான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சொன்னபடி இதுவரை நடக்கிறார். நாளைக்கு எப்படியோ, தெரியாது.

அந்த வசந்தத்தில் குழுவுக்குப் புதிதாக ஆள் எடுத்தபோது அனார்கான் தானே எழுந்து, "நான் இருக்கேன்" என்றாள். யாரும் மறுக்கவில்லை. மறுபடி தொலைநோக்கியை மாட்டிக்கொண்ட தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். "ஊர்க் காவலர்" என்றுதான் சொல்வாள், அதுவும் அவன் பக்கம் பார்க்காமல். புருவத்துத் தழும்போடு அவன் கதவோரம் நிற்பான்.

முதல் கூட்டத்திலேயே அவள் ஒரு கோரிக்கை வைத்தாள். ஆண்பிள்ளை ஜெயிலில் இருக்கிற வீடுகளின் ஆடுகளுக்கு, மேலே ஓடையோரப் புல்வெளியைக் கோடை முடிகிறவரை திறந்துவிட வேண்டும். காட்டுச்செம்மறிகள் குட்டியோடு இறங்குகிற இடம் என்று அதை மூடி வைத்திருந்தோம். பேச்சு சூடாயிற்று. தலைவர் வந்திருந்த எல்லோரையும் கை தூக்கச் சொன்னார்.

எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கியவன் கெங்கேஷ்.

அனார்கான் அன்றைக்குத்தான் அவனை நேராகப் பார்த்தாள்.

"ஒன் கை எனக்கு வேணாம். இறக்கு."

அவன் இறக்கினான். மற்ற கைகளை எண்ணினோம். அவன் கை இல்லாமலே தீர்மானம் நிறைவேறியது. அடுத்து ஆற்றுத் துறையில் கல் கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.